வாவிக்கரையில் ஓர் உல்லாசப் பூங்கா: நான் எழுதத் தவறிய செய்தி

மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், ஒரு பெரிய வாவியை அண்டி, முன்னொரு காலத்தில் ஓர் உல்லாசப் பூங்கா இருந்தது. அங்கே நீர் பீய்ச்சும் ஊற்றுகள் இருந்தன. தடாகங்களின் நடுவே தீவுகளும், அத்தீவுகளில் கோடை மாளிகைகளும் இருந்தன. பாம்பு போல வளைந்து நெளிந்து செல்லும் ஆழமற்ற ஓடைகள் இருந்தன. பூங்கா திறந்திருந்த காலம் ஏறத்தாழ 18 ஆண்டுகள். அதன் பின்னர் உரிமையாளர் இறந்துபோனார், பூங்கா கைமாறியது, காடு வந்து மூடிக்கொண்டது.

வாசகர்களில் பலர் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். நான் சொல்வது சிகிரியாவைப் பற்றித்தான். உரிமையாளரின் பெயர் காசியப்பன். காலம் கி.பி. 477 முதல் 495 வரை.

சிகிரியா என்றதும் நம் கண்முன் வருவது அந்தக் குன்றும், அதன் இடுப்பில் தீட்டப்பட்ட ஓவியப் பெண்களுமே. குன்றின் காலடியில் கிடக்கும் அந்தப் பூங்காவை நாம் பூங்காவாக எண்ணுவதே இல்லை. நுழைவாயிலிலிருந்து படிக்கட்டு வரையுள்ள நடைபாதையாகவே அதைக் கருதுகிறோம். வெயில் ஏறுமுன் மேலே போய்விட வேண்டும் என்ற அவசரத்தில், 1,500 ஆண்டுப் பழைமையுள்ள நீர்த்தடாகங்களின் நடுவே நாம் ஓட்டமும் நடையுமாகக் கடந்து செல்கிறோம். இதில் பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. நானும் அப்படித்தான் கடந்து சென்றேன். அதுவும் செய்தி எழுதுவதற்கென்றே அனுப்பப்பட்டிருந்த நாளில்.

ஒரு பழைய ஒப்புதல்

1980களின் முற்பகுதி. யூனெஸ்கோவின் துணையுடன் கலாசார முக்கோணத் திட்டம் தொடங்கியிருந்தது. பேராசிரியர் சேனக்க பண்டாரநாயக்கவின் தலைமையில் சிகிரியாவில் அகழ்வுப் பணிகள் நடந்துகொண்டிருந்தன. 1982இல் சிகிரியா உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. அவ்வேளையில் நான் ஒரு நாளிதழில் இளம் செய்தியாளன். மாத்தளையில் பிறந்தவன் என்பதால் என்னை அனுப்பினார்கள்.

இனாமலுவச் சந்தியில் பேருந்திலிருந்து இறங்கி, கிடைத்த வாகனத்தில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். கீழே, மேற்கு வாயிலுக்கு அண்மையில், வேலையாட்கள் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் ஒருவர், அயற்கிராமத்துச் சிங்களப் பெரியவர், ஒரு கற்பலகையின் முன் குந்தியிருந்து அதிலுள்ள துளைகளில் அடைந்திருந்த களிமண்ணை ஈர்க்குக் குச்சியால் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார். “இது என்ன?” என்று சிங்களத்தில் கேட்டேன். தண்ணீர் துள்ளும் கல் என்றார். மாரி மழை பெய்யும்போது வந்து பாருங்கள் மாத்தயா, தானாகவே துள்ளும் என்றும் சொன்னார்.

நான் தலையாட்டிவிட்டு மேலே ஏறினேன். ஓவியங்களைப் பார்த்தேன். தந்தையைக் கொன்ற மகன், தம்பிக்கு அஞ்சிக் குன்றேறிய மன்னன், குன்றின் மேல் ஒரு மாளிகை என்று எழுதிக் கொடுத்தேன். அது நன்றாகவே அச்சாகியது. ஆசிரிய பீடத்தில் பாராட்டும் கிடைத்தது. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இதை எழுதுவதற்குக் காரணம், அந்தத் தவறு என் ஒருவனுடையது மட்டுமன்று என்று பின்னர் நான் உணர்ந்ததுதான். தமிழில் சிகிரியாவைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அரசகதையை எழுதினோம், இடத்தை எழுதவில்லை. அதன் விளைவு என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில், நான் அன்று எழுதியிருக்க வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

பூங்காவின் அமைப்பு

சிகிரியாக் குன்று சுற்றுப்புறச் சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கிறது. அதன் மேற்குப் பக்கத்தில், வாயிலிலிருந்து குன்றை நோக்கி வரும் நேர்கோட்டுப் பாதையின் இரு மருங்கிலும், ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல அமையும்படி நீர்ப்பூங்கா வகுக்கப்பட்டுள்ளது. வலப்புறம் என்ன உண்டோ, அதுவே இடப்புறமும் உண்டு.

முதலாவது பகுதியில், நடுவே ஒரு தீவு. அதைச் சூழ எல் வடிவத் தடாகங்கள் நான்கு. நாற்றிசையிலிருந்தும் தீவுக்கு வரும் நடைவழிகள். நிலத்தை நான்காகப் பிரித்து நடுவே நீரும் மேடையும் அமைக்கும் இந்த முறையைப் பாரசீகரும் முகலாயரும் கையாண்டதை நாம் அறிவோம். தாஜ்மகாலின் தோட்டம் அம்முறையில் அமைந்ததே. ஆனால் தாஜ்மகாலுக்கு ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்தியது சிகிரியா.

அடுத்துள்ள ஒடுங்கிய நீண்ட பகுதியே ஊற்றுப் பூங்கா. பாதையின் இரு பக்கமும் ஆழமான நீள் தடாகங்கள். அவற்றிலிருந்து வளைந்து செல்லும் ஆழமற்ற ஓடைகள். ஓடைகளின் ஓரத்தில், துளையிட்ட வட்டக் கற்பலகைகள். அவையே ஊற்றுகள். அருகே, அகழி சூழ்ந்த தீவுகளின் மேல் தட்டையான பாறைகளில் கோடை மாளிகைகளின் அடித்தளங்கள் கிடக்கின்றன. மூன்றாவது பகுதி சற்று உயர்ந்த தளம். அதன் ஒரு மூலையில் எண்கோண வடிவத் தடாகம் ஒன்றுண்டு.

இவற்றோடு சிறு நீர்ப்பூங்கா ஒன்றும் 1980களின் அகழ்வில் வெளிப்பட்டது. கூழாங்கல் பரப்பிய தரையின் மேல் மெல்லிய படலமாக நீர் ஓடும்படி அதை அமைத்திருக்கிறார்கள். குளிப்பதற்கோ குடிப்பதற்கோ உரிய நீரன்று அது. கூழாங்கற்களின் மேல் நீர் சலசலக்கும் ஓசையையும், அதன் குளிர்ச்சியையும் கருதியே அவ்வளவு உழைப்பும் செலவாகியிருக்க வேண்டும்.

இதையெல்லாம் இயக்கியது எது? குன்றின் தென்புறம் விரிந்து கிடக்கும் சிகிரியா வாவி, இன்று நாம் பார்ப்பதைவிட மிகப் பெரிய நீர்த்தேக்கமாக அந்நாளில் இருந்தது. வாவி, அகழிகள், தடாகங்கள், ஓடைகள் யாவும் ஒரே நீர் வலைப்பின்னலின் உறுப்புகள். நிலத்தின் கீழே கால்வாய்கள் ஓடின. ஊற்றுகளின் சூட்சுமம் மிக எளியது. உயரத்திலுள்ள நீர், மூடிய வழியாகத் தாழ்ந்த இடத்துக்கு வந்தால், விட்டுவந்த மட்டத்துக்கு மீண்டும் எழ முயலும். அந்த முயற்சிக்குச் சிறு துளைகளைத் திறந்துவிட்டார்கள். நீர் துள்ளியது. அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ நடைபெற வேண்டுமானால், ஓரிரு விரற்கடை மட்ட வேறுபாட்டைக்கூட நூல் பிடித்து அளந்திருக்க வேண்டும்.

குன்றின் உச்சியிலும் நீருக்குக் குறைவில்லை. ஏறத்தாழ 4 ஏக்கர் பரப்புள்ள அந்த உச்சியில் பாறையையே குடைந்து ஒரு பெரிய குளம் வெட்டப்பட்டிருக்கிறது. மழைநீரைச் சேர்த்து வைக்கும் தொட்டிகள் வேறு.

2022இல் நாடு நாளொன்றுக்கு 13 மணி நேரம் இருளில் கிடந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மின்சாரம் நின்றால் இக்கால நீரூற்றுகள் நிற்கும். சிகிரியாவின் ஊற்றுகளுக்கு மின்சாரமும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். மழை பெய்தால் போதும்.

தந்தையின் நீரும் மகனின் நீரும்

காசியப்பனின் தந்தை தாதுசேனன். அவன் பெயரை நிலைநிறுத்தியது கலாவாவி. சிங்களத்தில் கலாவெவ. அந்த வாவிக்கு நீர் கொண்டுவரும் ஆறுகள் நம் மாத்தளைப் பக்கத்திலிருந்தே இறங்குகின்றன. வாவியிலிருந்து அனுராதபுரத்தின் திசா வாவிக்கு நீர் கொண்டுசென்ற ஜய கங்கை என்னும் கால்வாய் ஏறத்தாழ 87 கிலோமீற்றர் நீளமுடையது. அதன் தொடக்கப் பகுதியில் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் சரிவே கொடுக்கப்பட்டிருப்பதைக் கண்டு இக்காலப் பொறியியலாளர்களும் வியக்கிறார்கள்.

மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆட்சியைப் பறித்துக்கொண்ட மகன், தந்தையைச் சிறையிலிட்டு, புதையல் எங்கே என்று கேட்கிறான். தாதுசேனன் தன்னைக் கலாவாவிக்கு அழைத்துப் போகச் சொல்கிறான். அங்கே நீரில் இறங்கி நீராடி, கை நிறைய நீரை அள்ளிக் காட்டி, தன்னுடைய செல்வம் முழுவதும் இதுவே என்கிறான். அவனை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிக் கொன்றதாகக் கதை முடிகிறது.

இந்தக் கதையை அரசியல் சூழ்ச்சியாக மட்டும் படிப்பது நம் வழக்கம். நீரின் கதையாகவும் இதைப் படிக்கலாம். தந்தை வயலுக்காக நீரைத் தேக்கினான். மகன் கண்ணுக்காகவும் காதுக்காகவும் நீரைத் துள்ளவிட்டான். தந்தையின் கலாவாவி இடையில் பாழடைந்தாலும், 19ஆம் நூற்றாண்டில் புதுப்பிக்கப்பட்டு, பின்னர் மகாவலித் திட்டத்துடன் இணைக்கப்பட்டு, இன்றும் நெல் விளைவிக்கிறது. மகனின் பூங்கா அவன் ஒருவனோடே முடிந்தது. இவ்வாறு எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் நல்ல நீதிக்கதையாகிவிடும். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

ஆனால் நியாயமாகப் பார்த்தால், மகனின் ஊற்றுகளுக்கு மட்டம் பிடித்த கைகள், தந்தையின் கால்வாய்க்குச் சரிவு பிடித்த அதே கைகள், அல்லது அவற்றிடம் பயின்ற கைகள். உழவருக்காகக் கற்ற வித்தையே உல்லாசத்துக்கும் பயன்பட்டது. அந்தக் கைகளின் பெயர்களை எந்த வம்சமும் எழுதிவைக்கவில்லை.

அரசர்களின் நீர்ச்சோலைகள் தமிழருக்குப் புதியனவல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் இலவந்திகை என்ற மதில் சூழ்ந்த சோலை இருந்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் சொல்கின்றன. மலர் கொய்யப் போகும் மணிமேகலை எந்தச் சோலைக்குப் போகலாம் என்று ஆராயும்போது, இலவந்திகைப் பக்கம் போனால் அங்கே அரசனுடைய ஆட்கள் இருப்பார்கள் என்று சுதமதி எச்சரிப்பாள். பூம்புகாரிலும் சரி, சிகிரியாவிலும் சரி, உல்லாசப் பூங்கா என்பது மதிலுக்கு உள்ளே இருப்பது. வெளியே நிற்பவர்களுக்கு அதில் பங்கு இல்லை.

பூங்கா பொதுவான கதை

495இல், இந்தியாவிலிருந்து படை திரட்டிக்கொண்டு தம்பி முகலன் வந்தான். போர்க்களத்தில் சேற்றுநிலத்தைக் கண்டு காசியப்பனின் யானை திரும்பியதாம். அரசன் பின்வாங்குகிறான் என்று எண்ணிப் படை சிதறியதாம். காசியப்பன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான் என்கிறது சூளவம்சம். முகலன் தலைநகரை அனுராதபுரத்துக்கு மீட்டுச் சென்று, சிகிரியாவைப் பிக்குகளுக்குக் கொடுத்தான்.

சிகிரியா அரச மாளிகையாக இருந்ததே இல்லை, தொடக்கம் முதலே அது பௌத்த மடாலயம்தான் என்று வாதிட்டவர்களும் உண்டு. முன்னாள் தொல்பொருள் ஆணையாளர் ராஜா டி சில்வா அவர்களுள் முக்கியமானவர். மறுபுறம், பேராசிரியர் செனரத் பரணவிதான, செல்வக் கடவுளான குபேரனின் அளகாபுரியை மண்ணில் படைக்க முயன்ற மன்னனின் கனவே இது என்றார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் ஆளல்லன். தடாகங்களும் ஊற்றுகளும் இருந்தன என்பதில் எத்தரப்பினருக்கும் ஐயமில்லை.

என் கவனத்தை ஈர்ப்பது அதன் பின்னர் நடந்ததுதான். அரசன் போனபின் பொதுமக்கள் சிகிரியாவைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். பிக்குகள் வந்தார்கள், அரச சேவகர்கள் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். ஏறும் வழியில் பளபளவென்று மெருகேற்றப்பட்டிருந்த கண்ணாடிச் சுவரில், தாம் கண்டதையும் மயங்கியதையும் பாடல்களாகக் கீறி வைத்தார்கள். அவற்றுள் 685 பாடல்களைப் பரணவிதான படித்து, 1956இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலானவை 8ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சிங்கள மொழியின் பழங்கவிதைக்கு அவை இன்று விலைமதிப்பற்ற சான்றுகள்.

காசியப்பனின் பூங்கா, காசியப்பனுக்குரியதாக இருந்தது 18 ஆண்டுகள். பார்வையாளர்களுக்குரியதாக இருந்தது பல நூற்றாண்டுகள். ஒருவனுடைய உல்லாசத்துக்கென்று மதில் கட்டிய இடம், வழிப்போக்கர் எல்லோரும் வந்து பெயரெழுதும் இடமாக மாறியது. உண்மையில் சிகிரியா ஒரு ‘பூங்கா’ ஆனது அப்போதுதான் என்று நான் சொல்வேன்.

பின்னர் அதுவும் ஓய்ந்தது. வாவி தூர்ந்தது. தடாகங்களில் மண் படிந்தது. 1831இல் பிரித்தானியப் படை அதிகாரி ஜொனதன் ஃபோப்ஸ் காட்டுக்குள் குதிரையில் வந்து சிகிரியாவைக் கண்டார். அவர் மாத்தளையில் குடியேற்ற அரசின் அதிகாரியாகவும் பணியாற்றியவர். இலங்கையில் கழித்த 11 ஆண்டுகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1840இல் வெளிவந்தது.

இங்கே ஒரு செய்தியை இணைத்துப் பார்க்க வேண்டும். ஃபோப்ஸ் இந்தக் காடுகளில் உலவிய அதே காலப்பகுதியில்தான், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், தம்புள்ளை வழியாக மாத்தளையின் கோப்பித் தோட்டங்களை நோக்கிக் கால்நடையாக வரத் தொடங்கினார்கள். வழியில் கொள்ளைநோயிலும் பசியிலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். அந்த நடையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து, 2023 யூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட மலையக மக்களின் நடைபயணம், ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. சிகிரியாவிலிருந்து சில மணி நேர நடைத்தூரத்தில் அந்தப் பாதை செல்கிறது. குன்றைக் கண்ட குதிரைக்காரரின் பெயர் எல்லா வழிகாட்டி நூல்களிலும் உண்டு. பக்கத்துப் பாதையில் நடந்தவர்களின் பெயர்களை எந்தச் சுவரும் தாங்கவில்லை.

ஒரு கீறலும் ஒரு தண்டனையும்

இனி, முன்னர் சொல்வதாகக் கூறிய விளைவுக்கு வருகிறேன்.

2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கிழக்கிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ் இளம்பெண், அந்தக் கண்ணாடிச் சுவரில் தன் பெயரைக் கீறினாள். தம்புள்ளை நீதிமன்றம் அவளுக்கு இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. நாடெங்கும் எழுந்த வேண்டுகோள்களை அடுத்து, அவ்வாண்டே ஜனாதிபதியின் மன்னிப்பில் அவள் விடுதலையானாள்.

அவள் செய்தது தவறுதான். அதில் இரு கருத்துக்கு இடமில்லை. 1967 ஒக்டோபரில் விஷமிகள் சிலர் ஓவியங்களின் மேல் பச்சை வண்ணத்தை அப்பிச் சிதைத்தபோது, லூசியானோ மராஞ்சி என்ற இத்தாலிய வல்லுநரை அழைத்தே மீட்கவேண்டியிருந்தது. சுவருக்குக் காவல் வேண்டும், சட்டம் வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கீறியவர்களின் எழுத்து இலக்கியமாகிவிட்டது என்பதற்காக இன்று கீறுபவர்களை அனுமதிக்க முடியாது. அவள் கீறிய இடத்தில், நாளை படிக்கப்பட வேண்டிய ஒரு பழம்பாடல் மங்கிய நிலையில் இருந்திருக்கலாம்.

ஆயினும் அந்தச் செய்தியை வாசித்த நாள் முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தச் சுவர் என்ன சுவர் என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? பள்ளிப் பாடநூலில் தந்தையைக் கொன்ற மன்னனைப் படித்திருப்பாள். குன்றின் உயரத்தைப் படித்திருப்பாள். அந்தச் சுவர் சாதாரண மனிதர்களின் 685 பாடல்களைச் சுமந்து நிற்கிறது, அது ஒரு நூலகம், அதில் கைவைப்பது ஏட்டைக் கிழிப்பதற்கு ஒப்பானது என்று அவள் விளங்கும் மொழியில், அவள் கைக்கு எட்டும் விலையில், யார் எழுதிக் கொடுத்தோம்? எழுதக் கிடைத்த வாய்ப்பை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதை மேலே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

சிகிரியாவை நம் மக்களில் பலர் ‘அவர்களுடைய’ இடம் என்றே எண்ணுகிறார்கள். போர்க்காலத்தில் அந்த எண்ணம் மேலும் இறுகியது. 1983 யூலைக்குப் பின், தம்புள்ளைப் பாதையில் பேருந்திலிருந்து இறங்கி அடையாள அட்டையை நீட்டி நின்ற அனுபவம் எனக்கும் உண்டு. அப்படி நின்றவனுக்கு ஐந்தாம் நூற்றாண்டுப் பூங்காவின் மேல் உரிமையுணர்வு பிறப்பது எளிதன்று. ஆனால் தனக்குரியது என்று எண்ணாத ஒன்றை எவரும் பேணுவதில்லை. பேண வேண்டும் என்று சட்டம் சொல்லலாம், மனம் சொல்லாது.

எனவே என் கருத்து இதுதான். சிகிரியாவைக் குன்றிலிருந்து கீழே இறக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள், மேலே ஏறுமுன் நீர்ப்பூங்காவில் ஒரு மணி நேரம் அவர்களை நிறுத்த வேண்டும். ஊற்று எப்படித் துள்ளுகிறது என்ற அறிவியல் பாடத்தை அங்கேயே நடத்தலாம். குழாயும் வாளியும் இருந்தால் செய்தே காட்டலாம். அரசர்களின் பகையைவிட அந்தப் பாடம் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகப் பதியும். அதற்கு நல்ல தமிழில், பிள்ளைகளுக்குப் புரியும் நடையில், படங்களோடு கூடிய ஒரு சிறு நூல் வேண்டும். அதைத் திணைக்களம்தான் வெளியிட வேண்டும் என்றில்லை; நாமே எழுதலாம்.

இன்னொன்று. வாவியைப் பிரித்துவிட்டுப் பூங்காவைக் காக்க முடியாது. குன்றைப் பெயர்த்தெடுக்க எவராலும் ஆகாது. ஆனால் வாவியைத் தூரவிடுவதும், நீர் வரும் வழியில் கட்டடம் எழுப்புவதும் மிக எளிது. நீரின் மட்டம் மாறினால், கல்லில் ஒரு கீறலும் விழாமலே ஊற்றுகள் இறந்துபோகும். சுவரில் கீறியவளைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் உண்டு. நீர்வழியை மறிப்பவர்களையும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

அகழ்வாளர்களைப் பாராட்டவும் இடமுண்டு. பாதையின் தென்புறத்தில் தோண்டி வெளிப்படுத்தியதோடு நிறுத்தி, வடபுறத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியிலேயே விட்டுவைத்தார்கள். ஒரு பக்கம் போலவே மறுபக்கமும் இருக்கும் என்று தெரிந்திருந்தும், இன்னும் நுட்பமான கருவிகளோடு வரப்போகும் தலைமுறைக்காக வைத்த சேமிப்பு அது. எல்லாவற்றையும் இன்றே தோண்டி, இன்றே காட்டி, இன்றே காசாக்க வேண்டும் என்ற காலத்தில், இந்தப் பொறுமை அரிது.

மாரிக்காலத்தில் ஒரு நாள்

போர் முடிந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு மார்கழி மாதத்தில், அந்தப் பெரியவர் சொன்னது நினைவுக்கு வந்து மீண்டும் போனேன். மூன்று நாட்களாக மழை. வானம் வெளுக்கவில்லை. குன்றில் ஏறுவோர் மிகச் சிலரே. நான் ஏறவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு ஊற்றுப் பூங்காவின் ஓரத்தில் நின்றேன்.

கற்பலகையின் துளைகளிலிருந்து நீர் எழுந்துகொண்டிருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சாண் உயரமும் இருக்காது. பானையில் உலை கொதிப்பது போல, குமிழ்விட்டுக் குமிழ்விட்டு எழுந்து விழுந்தது. சினிமாவில் காட்டும் நீரூற்றை எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்திருப்பேன். ஆனால் 1,500 ஆண்டுகளுக்கு முன் மட்டம் பிடித்த ஒருவருடைய கணக்கு இன்னும் பிழைக்காமல் என் காலடியில் நடந்துகொண்டிருந்தது. அதைக் கட்டச் சொன்னவன் போனான்; கைப்பற்றியவன் போனான்; கணக்கு மட்டும் நிற்கிறது.

துளைகளைச் சுத்தம் செய்த அந்தப் பெரியவரைப் பற்றி அங்கிருந்த காவலாளியிடம் விசாரித்தேன். பெயர் தெரியாமல் எப்படி விசாரிப்பது? அன்று நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. செய்தியாளனுக்குரிய முதற்கடமை அது. அதையும் செய்யத் தவறியிருந்தேன்.

சிகிரியாவுக்குப் போகும் வாசகர்கள், அடுத்த முறை மாரிக்காலத்தில் போய்ப் பாருங்கள். ஏறுமுன் கொஞ்சம் நில்லுங்கள். தண்ணீர் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால், உடன் வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.